கொள்கையை மறைத்துக் கூட்டம் சேர்க்கலாமா?

1908 ஜூன் 13 அன்று, லாஸ் ஏஞ்சல்ஸ் சிறையிலிருந்து மெக்சிகப் புரட்சியாளர் ரிக்கார்தோ ஃப்ளோரெஸ் மகோன் ஒரு கடிதம் எழுதினார். தம்பி என்ரிக்கேவுக்கும் தோழர் ப்ராக்ஸெதிஸ் கெரேரோவுக்கும். இருவரும் மெக்சிகோ எல்லையில் எல் பாசோ நகரத்தில் இருந்தார்கள். மெக்சிகோவின் சர்வாதிகாரி போர்ஃபிரியோ தியாஸின் ஆட்சிக்கு எதிரான ஆயுத எழுச்சி இன்னும் சில நாட்களில் தொடங்க வேண்டும். அந்த நெருக்கடியில் மகோன் எழுதியதன் சாரம் இதுதான்: நாம் ஆரம்பத்திலேயே அனார்க்கிஸ்டுகள் (அரசே வேண்டாம் என்பவர்கள்) என்று சொல்லியிருந்தால் யாரும் காதுகொடுத்திருக்க மாட்டார்கள். அந்தப் பெயரைச் சொல்லாமலேயே முதலாளிகள் மீதும் ஆட்சியாளர்கள் மீதும் மக்களுக்குக் கோபத்தை மூட்டிவிட்டோம். இனியும் லிபரல் கட்சி என்றே சொல்லிக்கொள்வோம், செய்வது மட்டும் அனார்க்கிஸ்ட் வேலையாக இருக்கட்டும். நாம் யார் என்பது அனார்க்கிஸ்டுகளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். அவர்களும் நம்மை அந்தப் பெயரால் அழைக்க வேண்டாம். மனதுக்குள் நம் கருத்துகளையே வைத்திருந்தும் அதன் பெயர் தெரியாத மூடர்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

இந்தக் கடிதத்தை நான் முதலில் படித்தது மெக்சிகப் புரட்சியைப் பற்றி வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தபோது. சபாத்தாவையும் பாஞ்சோ வியாவையும் நம்மில் பலருக்குத் தெரியும். அகலத் தொப்பியும் குறுக்கே தோட்டா வாரும் அணிந்த அந்தப் புகைப்படங்கள் சட்டைகளில்கூட வந்துவிட்டன. மகோனை அவ்வளவாகத் தெரியாது. 1910 நவம்பரில் புரட்சி வெடிப்பதற்கு முந்தைய பத்து ஆண்டுகள் தியாஸின் தூக்கத்தைக் கெடுத்தது துப்பாக்கியைவிட அதிகமாக ஒரு பத்திரிகைதான், மகோன் சகோதரர்களின் 'ரெஹெனெரசியோன்'. அந்த மனிதர் மீது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு. அதனால்தான் இந்தக் கடிதம் இத்தனை தொந்தரவு செய்கிறது. யாரோ ஒரு தந்திரக்கார அரசியல்வாதி எழுதியிருந்தால் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பேன். பதவியையோ பணத்தையோ வாழ்நாள் முழுக்கத் தொடாத ஒருவர் எழுதியிருக்கிறார்.

எங்கள் பகுதியில் ஒரு தொழிற்சாலை வாசலில் சில காலம் சங்க வேலைகளில் கூட நின்றவன் நான். போனஸ் கோரிக்கை சூடுபிடித்த நேரம். உள்ளே வேலை செய்தவர்களில் பெரும்பகுதி ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதே இயந்திரம், அதே ஷிப்ட், பாதிகூட வராத சம்பளம். அவர்களை நிரந்தரமாக்கும் கோரிக்கையையும் சேர்த்துப் பேசலாமே என்று கேட்டோம். மூத்த தோழர் ஒருவர் தோளில் கைபோட்டு, "தொழிலாளி இன்னும் அதுக்குத் தயாராகலை தோழர். முதல்ல போனஸ் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவர் நல்ல மனிதர், சங்கத்துக்காக வேலையை இழந்தவர். போனஸ் வந்தது. கேட் மீட்டிங்குக்கு வந்த கூட்டம் கலைந்தது. ஒப்பந்தத் தொழிலாளர் பிரச்சினை நான் இருந்தவரை அந்த மேடைக்கு வரவில்லை. மகோனின் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கேட்டது அந்தத் தோழரின் குரல். மக்கள் தயாரா இல்லையா என்பதை யார் முடிவுசெய்வது? இந்தக் கேள்வியோடுதான் மகோனின் பத்து ஆண்டுகளைத் திரும்பப் படித்தேன்.

52 அம்சங்கள்

ரெஹெனெரசியோன் 1900 ஆகஸ்ட் 7-இல் மெக்சிகோ நகரத்தில் தொடங்கியபோது அது ஒரு சட்டப் பத்திரிகை. நீதிமன்றங்களில் நடக்கும் அநியாயங்களை எழுதுவதுதான் வேலை. அண்ணன் ஹெசூஸ் வழக்கறிஞர், அவரோடு சேர்ந்துதான் ரிக்கார்தோ ஆரம்பித்தார். நீதிமன்றத்தில் தொடங்கினால் அதிபர் மாளிகையில்தானே போய் முடியும். ஆண்டு முடிவதற்குள் அது போர்க்குரல் எழுப்பும் பத்திரிகையாக மாறியது, அடுத்த ஆண்டு சகோதரர்கள் பெலெம் சிறைக்குள் இருந்தார்கள். அவர்கள் உள்ளே இருந்தபோதே தாய் மர்கரீத்தா இறந்துபோனார். 1903 பிப்ரவரி 5, அரசமைப்புச் சட்ட நாளில், அவர்கள் வேலைசெய்த இன்னொரு பத்திரிகையின் மாடியில் 'அரசமைப்புச் சட்டம் செத்துவிட்டது' என்று பெரிய பதாகை தொங்கியது. அதே ஆண்டு, மகோன்கள் எழுதிய எதையும் எந்தப் பத்திரிகையும் அச்சிடக் கூடாது என்று நீதிமன்றம் தடைபோட்டது. 1904 தொடக்கத்தில் ரிக்கார்தோவும் என்ரிக்கேவும் எல்லை தாண்டி டெக்சஸுக்குப் போனார்கள். சான் அன்டோனியோ, அப்புறம் செயின்ட் லூயிஸ். தியாஸின் ஆட்கள் துரத்தத் துரத்தப் பத்திரிகையும் ஊர் ஊராக நகர்ந்தது.

செயின்ட் லூயிஸில்தான் 1905 செப்டம்பரில் மெக்சிக லிபரல் கட்சியின் அமைப்புக் குழு உருவானது. தலைவர் ரிக்கார்தோ, துணைத் தலைவர் ஹுவான் சராபியா. இதற்குள் ரிக்கார்தோ அனார்க்கிஸ்ட் சிந்தனையாளர்களான குரோபோட்கினையும் பக்கூனினையும் படித்து உள்வாங்கியிருந்தார். அவருடைய முடிவு அப்போதே தெளிவு: தியாஸ் போய் இன்னொருவர் வருவதில் பயனில்லை, அரசும் தனிச்சொத்தும் சேர்ந்தே போக வேண்டும். ஆனால் 1906 ஜூலை 1-இல் கட்சி வெளியிட்ட செயல்திட்டத்தில் இதன் சுவடே இல்லை. 52 அம்சங்கள். 8 மணி நேர வேலை, குறைந்தபட்சக் கூலி 1 பெசோ, 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வேலை கூடாது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை, அதிபர் மறுபடி போட்டியிடக் கூடாது, தரிசாகப் போட்ட நிலத்தை அரசு எடுத்துக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும், பறிக்கப்பட்ட ஊர்ப் பொது நிலங்கள் ஊர்களுக்கே திரும்ப வேண்டும். பண்ணைக் கடைகளை ஒழிக்க வேண்டும் என்பதும் அதில் இருந்தது. மெக்சிகோவின் பெரும் பண்ணைகளில் கூலியைக் காசாகத் தராமல் சீட்டாகக் கொடுப்பார்கள், அந்தச் சீட்டு பண்ணைக்காரனின் கடையில் மட்டுமே செல்லும். கடன் ஏறிக்கொண்டே போகும், அப்பன் கடன் பிள்ளை தலையில் விழும். கொத்தடிமை முறையை அறிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். பண்ணையாட்களின் பழைய கடன்கள் எல்லாம் ரத்து என்று அந்தச் செயல்திட்டம் எழுதிவைத்தது.

இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தியாஸ் காலத்து மெக்சிகோவில் இப்படி ஒரு தாள் கைக்குக் கை மாறியிருப்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது. அந்தத் தாள் வருவதற்கு ஒரு மாதம் முன்புதான் கனனேயா செப்புச் சுரங்கத்தில் வேலைநிறுத்தம் வெடித்தது. அமெரிக்கத் தொழிலாளிக்கு ஒரு கூலி, மெக்சிகனுக்கு ஒரு கூலி என்பதை எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கி பேசியது, எல்லைக்கு அப்பாலிருந்து அரிசோனா ரேஞ்சர்கள்கூட வந்தார்கள். அந்த வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்ற மனுவேல் தியேகெஸ், எஸ்தெபன் பாக்கா கால்தெரோன் இருவரும் லிபரல் கட்சித் தொடர்புள்ளவர்கள். சான் ஹுவான் தே உலூவா என்னும் கடற்கோட்டைச் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். 1907 ஜனவரியில் ரியோ பிளாங்கோ நெசவாலைத் தொழிலாளர்கள் பண்ணைக் கடையைப் போலவே நடந்த ஆலைக் கடையைக் கொளுத்தினார்கள், பட்டாளம் பலரைச் சுட்டுக் கொன்றது.

அதே செயல்திட்டத்தில் 16-ஆவது அம்சம் என்று ஒன்று இருக்கிறது: சீனர்கள் மெக்சிகோவுக்குள் குடியேறுவதற்குத் தடை. குறைந்த கூலிக்கு வந்துவிடுகிறார்கள், மெக்சிகத் தொழிலாளிக்கு ஆபத்து என்பது விளக்கம். தொழிலாளிக்கு நாடில்லை என்று நம்பிய ஒருவர் தலைவராக இருந்த குழு இதை வெளியிட்டது. வரைவை முன்கூட்டியே பத்திரிகையில் போட்டு, வாசகர்களிடம் கருத்துக் கேட்டுத் திருத்தித்தான் இறுதி செய்தார்கள். மக்கள் எதைக் கேட்கத் தயாராக இருக்கிறார்களோ அதை மட்டும் எழுதினால், அவர்களுக்குள் இருக்கும் வெறுப்பும் சேர்ந்தே தாளில் ஏறிவிடும். 1911 மே மாதம் தோரெயோன் நகரத்தில், தியாஸுக்கு எதிரான புரட்சியின் தலைவர் மதேரோவின் படையினரும் கும்பலும் சேர்ந்து சுமார் 300 சீனர்களைக் கொன்றார்கள். அந்தக் கொலைக்கும் இந்தத் தாளுக்கும் நேரடித் தொடர்பில்லை, அப்படி நான் சொல்லவும் இல்லை. ஆனால் அந்த வெறுப்பை எதிர்த்துப் பேச வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் அதற்கு ஓர் எண் கொடுத்து அச்சிட்டிருந்தார்கள். இதை எந்த நியாயத்தாலும் என்னால் கடக்க முடியவில்லை.

மறைத்ததற்கு இருந்த காரணங்கள்

மகோனுக்காக வாதாட ஆட்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் வலு இருக்கிறது. 1901-இல் அமெரிக்க அதிபர் மெக்கின்லியை ஓர் அனார்க்கிஸ்ட் சுட்டுக்கொன்ற பிறகு, 1903-இல் அனார்க்கிஸ்டுகள் நாட்டுக்குள் வரத் தடைவிதித்துச் சட்டம் வந்தது. அந்தப் பெயரை மகோன் வெளிப்படையாகச் சூடியிருந்தால் பிடித்து எல்லைக்கு அப்பால் தள்ள அது ஒன்றே போதும், அங்கே தியாஸின் துப்பாக்கிகள் காத்திருந்தன. பத்திரிகைக்குப் பணம் தந்தவர்களும் அனார்க்கிஸ்டுகள் அல்லர். பிற்பாடு அதிபரான பிரான்சிஸ்கோ மதேரோ, கோவவிலா மாநிலத்தின் பெரும் பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை, ஆரம்ப காலத்தில் பத்திரிகைக்குப் பண உதவி செய்தவர். கொள்கை முழுவதையும் சொல்லியிருந்தால் பத்திரிகையே வந்திருக்காது என்றால், என்ன பதில் சொல்வது?

உயிருக்குப் பயந்து பெயரை மறைப்பதை நான் குறைசொல்ல மாட்டேன். போலீஸிடம் எவரும் எதையும் ஒப்பிக்கத் தேவையில்லை. ஆனால் 1908 கடிதத்தில் மகோன் சொல்லும் காரணம் போலீஸ் அல்ல. மக்கள் காதுகொடுக்க மாட்டார்கள் என்கிறார். யாருக்காகச் சிறையில் கிடந்தாரோ அவர்களிடமிருந்தே மறைக்கிறார். அரசைப் பிடிக்க நினைக்கும் கட்சிக்கு இது பெரிய சங்கடம் தராது. மேலே சிலருக்கு முழுத் திட்டம் தெரியும், கீழே பலருக்குப் பாதி தெரியும், அது அப்படித்தான் நடக்கும். யாரும் யாருக்கும் மேலே இல்லை என்று சொல்லும் கொள்கைக்கு இது எப்படிப் பொருந்தும்? தெரிந்த சிலர், தெரியாத பலர் என்று பிரித்த அந்த நொடியிலேயே ஓர் ஆட்சி உருவாகிவிடுகிறது. எதற்காகச் சாகப்போகிறோம் என்று முழுதாகத் தெரியாமல் 1906-இலும் 1908-இலும் எல்லையோரத்திலும் உள்நாட்டு ஊர்களிலும் துப்பாக்கி தூக்கியவர்களை நினைத்துக்கொள்கிறேன். ஹிமெனெஸ், அகாயுக்கான், வியெஸ்கா, லாஸ் வாக்காஸ், பலோமாஸ். தெரிந்திருந்தால் ஒருவேளை இன்னும் உறுதியாக நின்றிருப்பார்கள். ஒருவேளை வேண்டாம் என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். அந்த வேண்டாம் என்னும் உரிமையைத்தான் அவர்களிடமிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதன் விலை 1911-இல் தெரிந்தது. மகோன் 1910 ஆகஸ்டில் விடுதலையானார், செப்டம்பர் 3-இல் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து பத்திரிகை மறுபடி வந்தது. நவம்பர் 20-இல் மதேரோ புரட்சிக்கு அழைத்தார். லிபரல் கட்சிக்காரர்களும் களத்தில் இறங்கினார்கள், தங்கள் கொடியோடு. பணக்காரப் பண்ணை வீட்டில் பிறந்து, அந்தச் சொத்தைத் தூக்கியெறிந்துவிட்டுச் சுரங்கக் கூலியாக வாழ்ந்த ப்ராக்ஸெதிஸ் கெரேரோ, டிசம்பர் 30-இல் சிவாவா மாநிலத்தின் ஹானோஸ் ஊரில் சண்டையில் இறந்தார். வயது 28. அந்தக் கடிதத்தைப் பெற்ற இருவரில் ஒருவர். அவர் இருந்திருந்தால் பின்னால் நடந்தவை வேறு மாதிரி போயிருக்கும் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு.

1911 பிப்ரவரியில், மதேரோவைத் தற்காலிக அதிபராக ஏற்க மறுத்த ப்ரிசிலியானோ சில்வாவின் லிபரல் படையை மதேரோ நிராயுதமாக்கினார். ரெஹெனெரசியோன் பிப்ரவரி 25 இதழில் மதேரோ விடுதலைக்குத் துரோகி என்று எழுதியது. அங்கேதான் கட்சி உடைந்தது. குழுவின் செயலாளர் அந்தோனியோ வியாரெயால் பிரிந்து போனார். உலூவாச் சிறையில் பல ஆண்டுகள் வதைபட்டு வெளிவந்த ஹுவான் சராபியா மதேரோ பக்கம் நின்றார். அண்ணன் ஹெசூஸும் அப்படியே. ஜூன் மாதம் அவர்கள் இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே வந்து சமாதானம் பேசினார்கள், ரிக்கார்தோ மறுத்தார். அடுத்த ஆண்டு ஹெசூஸ் மதேரோவின் உள்துறை அமைச்சர். இவர்களை விலைபோனவர்கள் என்று எழுதிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. 52 அம்சங்களை நம்பி வந்தவர்கள் இவர்கள். அந்த 52-இல் மதேரோவுடன் சேராதே என்று எங்கே இருக்கிறது? தியாஸ் மே 25-இல் பதவி விலகிவிட்டார். மறுதேர்தல் இல்லை, தேர்தல் வரப்போகிறது. அந்தத் தாளின்படி பார்த்தால் அவர்கள் வழிமாறவே இல்லை. வழிமாறியவராகத் தெரிந்தது ரிக்கார்தோ.

1911 செப்டம்பர்

என் யோசனை முழுவதையும் திருப்பிப்போட்டது 1911 செப்டம்பர் 2-இல் மகோன் எழுதிய ஒரு கட்டுரை. மெக்சிக மக்கள் பொதுவுடைமை வாழ்வுக்குத் தகுதியானவர்களா என்ற கேள்விக்கு அவர் பதில் எழுதுகிறார். தூரத்துத் தத்துவவாதி யாரையும் துணைக்கு அழைக்கவில்லை. தன் நாட்டுக் கிராமத்தைக் காட்டுகிறார். இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை நாற்பது லட்சம் பூர்வகுடிகள் நிலத்தையும் தண்ணீரையும் காட்டையும் பொதுவில் வைத்து வாழ்ந்தார்கள் என்கிறார். அறுவடைக்கு ஒருவருக்கொருவர் கைகொடுத்தார்கள். குடிசை கட்ட ஊரே வந்தது. வரி வாங்கும் ஆள் வரும்போதும், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கக் குதிரைப் போலீஸ் வரும்போதும்தான் அரசு என்று ஒன்று இருப்பதே அந்த ஊர்களுக்குத் தெரியும். அப்போது அரசு வேண்டும் என்று யாரும் ஏங்கவில்லை, பயந்தார்கள். பொது நிலங்களைத் தியாஸின் ஆட்சி பண்ணைக்காரர்களுக்கும் கம்பெனிகளுக்கும் எடுத்துக் கொடுத்த பிறகுதான் இந்த வாழ்க்கை சிதைந்தது.

மகோன் பிறந்தது வஹாக்கா மாநிலத்து மலைக் கிராமம், மசாத்தெக் மக்களின் ஊர். அவர் எழுதியது கேள்விப்பட்ட கதை அல்ல, பிறந்த ஊரின் நினைவு. இதைப் படித்துவிட்டு 1908 கடிதத்துக்குத் திரும்பினேன். யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொன்ன அதே ஆள், மூன்று வருடம் கழித்து, இந்த மக்கள் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் வாழ்ந்தார்கள் என்கிறார். இரண்டும் எப்படி உண்மையாக இருக்கும்? கனனேயா சுரங்கத்தில் இறங்கிய கூலிக்கும், பண்ணைக் கடைச் சீட்டை எண்ணிக்கொண்டிருந்த பண்ணையாளுக்கும் குரோபோட்கின் பெயர் தேவைப்பட்டிருக்காது. உன் தாத்தா காலத்தில் இந்த நிலம் யாருடையது, அப்போது இங்கே எந்த அதிகாரி இருந்தார் என்று கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்வியை 1906-இலேயே கேட்டிருக்கலாம். அதைக் கேட்கத் தயாராக இல்லாதிருந்தது மக்களா, குழுவா? என் பதில் இப்போது உறுதி: குழுதான்.

அதே மாதம் 23-ஆம் தேதி வந்த அறிக்கையில் முகமூடி முழுதாகக் கழன்றது. அதிகாரம், மூலதனம், தேவாலயம் மூன்றுக்கும் எதிரான போர். நிலத்தையும் தொழிற்சாலையையும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், 'நிலமும் விடுதலையும்'. என்ன வேகமான எழுத்து! ஆனால் காலம் கடந்திருந்தது. பாஹா கலிஃபோர்னியாவில் ஜனவரியில் மெக்சிகாலியையும் மே மாதத்தில் திஹுவானாவையும் பிடித்த அவர்களுடைய படை ஜூனிலேயே தோற்றுக் கலைந்துவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் அதில் அதிகம் என்பதால் நாட்டைத் துண்டாட வந்தவர்கள் என்ற பழியும் சேர்ந்தது. அமெரிக்க சோசலிஸ்டுகளில் பலர் கைவிட்டார்கள். குழுவே மறுபடி சிறைக்குப் போய்க்கொண்டிருந்தது.

மறைத்துவைத்த கொள்கை தோற்றது, மறைப்பாக வைத்த செயல்திட்டம் வென்றது. 1917 பிப்ரவரி 5-இல் வந்த புதிய அரசமைப்புச் சட்டத்தில் 8 மணி நேரம், குறைந்தபட்சக் கூலி, பண்ணைக் கடை ஒழிப்பு, ஊர்ப் பொது நிலம் எல்லாம் ஏறின. அதை எழுதிய அவையில் கனனேயாவின் பாக்கா கால்தெரோனும் உறுப்பினர். எத்தனையோ கோடி உழைப்பாளிகளுக்கு அது சோறு போட்டது, அதை நான் மனதாரக் கொண்டாடுகிறேன். ஆனால் அந்த 52-இல் பெரும்பாலானவை அரசைப் பார்த்து, நீ செய் என்று சொன்னவை. தியாஸின் அரசைவிடப் பல மடங்கு வலுவான அரசு அந்த வாசகங்களின் மேல்தான் எழுந்தது. அப்போது மகோன் இன்னும் வெளியே இருந்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட ஓர் அறிக்கைக்காக அமெரிக்க நீதிமன்றம் அவருக்கு 20 ஆண்டும் தோழர் லிப்ராதோ ரிவேராவுக்கு 15 ஆண்டும் சிறைத்தண்டனை கொடுத்தது. 1920-இல் மெக்சிக நாடாளுமன்றம் ஓய்வூதியம் தர முன்வந்தபோது, கண்பார்வை போய்க்கொண்டிருந்த அந்தக் கைதி, அரசின் பணம் கையைச் சுடும் என்று எழுதி மறுத்தார். 1922 நவம்பரில் கன்சாஸின் லெவன்வொர்த் சிறையில் இறந்தார். ரயில்வே தொழிலாளர்கள் உடலை மெக்சிகோவுக்கு எடுத்துப் போனார்கள்.

1945-இல் அரசு அவரைத் தேசப் பெரியோர் அடக்கத்தலத்துக்கு மாற்றியது. 2022-ஐ மெக்சிக அரசு 'ரிக்கார்தோ ஃப்ளோரெஸ் மகோன் ஆண்டு' என்றே அறிவித்தது. அரசால் அவரை இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொள்ள முடிந்ததற்கு, அவரே விட்டுச்சென்ற அந்த 1906 தாளும் ஒரு காரணம் என்பதுதான் எனக்கு வலிக்கிறது. மகோனைப் பற்றி நம் பக்கத்தில் யாராவது பேச ஆரம்பித்தால் அந்த 52 அம்சங்களில் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். 1911 செப்டம்பர் 2 கட்டுரையில் தொடங்குங்கள். அதன் ஆங்கில வடிவத்திலிருந்து தமிழில் கொண்டுவர ஆரம்பித்திருக்கிறேன். பாதி முடிந்திருக்கிறது. ஸ்பானிய மொழி தெரிந்த வாசகர்கள் யாராவது மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தந்தால் பெரிய உதவியாக இருக்கும்.